எந்தக் கடை என்பது அப்புறம், முதலில் கார்டை உள்ளே வையுங்கள்

கேள்வி: வலங்கைமான் பக்கம் இருக்கிறோம். கணவர் சம்பளம் 34,000 ரூபாய், இரண்டு பிள்ளைகள். ஞாயிறுதோறும் கும்பகோணம் போய் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் 2,500 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை, பைபாஸில் ஒரு கடை. பைபாஸ் கடையில் வாரம் 120 ரூபாய் குறைகிறது, ஆனால் தூரம். எங்கே வாங்கினால் லாபம்? பாயிண்ட் சேரும் என்று கிரெடிட் கார்டில்தான் வாங்குகிறேன். மாதம் 12,000 கட்டியும் பாக்கி 58,000-க்குக் கீழே இறங்கவில்லை. தினம் 50 ரூபாய் டிஜிட்டல் தங்கத்தில் போட்டு 9,000 சேர்த்திருக்கிறேன். நகையை அடகு வைக்கலாம் என்றால் மாமியார் கௌரவக் குறைச்சல் என்பார். இரண்டு கடை பில்லும் கார்டு ஸ்டேட்மென்ட்டும் இணைத்துள்ளேன்.

பதில்: சகோதரி, கடை பில்லை வரி வரியாக ஒப்பிட்டு, பருப்புக்கும் எண்ணெய்க்கும் பேனாவால் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதே பேனாவை எடுத்துக்கொண்டு கார்டு ஸ்டேட்மென்ட்டின் இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள். கீழே சின்ன எழுத்தில் 'ஃபைனான்ஸ் சார்ஜஸ்', அதாவது வட்டி, 2,034 என்று இருக்கிறது, அதற்கு அடுத்த வரியில் ஜிஎஸ்டி 366. மொத்தம் 2,400 ரூபாய். இது ஒரு மாதத்துக்கு! பைபாஸ் கடையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது மாதம் 500-க்குள்தான்.

ஊரில் யாராவது நூற்றுக்கு மூன்றரை வட்டிக்குக் கடன் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பியிருப்பீர்கள். கார்டில் நீங்கள் கட்டுவது அந்த மூன்றரை வட்டிதான், அதற்கு மேல் வரி வேறு. அதைவிட மோசம் என்னவென்றால், போன மாத பாக்கி முழுதாக அடையாமல் நிற்கும்போது புதுச் சாமானுக்கு 45 நாள், 50 நாள் வட்டியில்லாத தவணை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய உளுந்துக்கு அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மாதம் 10,000-க்கு வாங்குகிறீர்கள், வட்டி 2,400, ஆக 12,400. நீங்கள் கட்டுவது 12,000. பிறகு பாக்கி எப்படி இறங்கும்? பாயிண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், பெரும்பாலான கார்டுகளில் அது நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது.

டிஜிட்டல் தங்கத்தை இன்றே நிறுத்துங்கள். வாங்கும்போதே 3% ஜிஎஸ்டி போகிறது, விற்கும்போது விலை வித்தியாசத்தில் இன்னும் கொஞ்சம் போகிறது. இது தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்துவிட்டது. வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் சேமிப்பதாக நினைப்பது வேண்டாம். அந்த 9,000-ஐ விற்றுக் கார்டில் போடுங்கள்.

மீதி 49,000-க்கு வீட்டில் இருக்கும் நகையைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வையுங்கள். மார்வாடி கடைக்குப் போக வேண்டாம், அங்கே பெரும்பாலும் இரண்டு வட்டி. வங்கியில் வருடம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 410 ரூபாய்தான் வட்டி. மாமியார் கௌரவக் குறைச்சல் என்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் நடவுக்கு அடகு வைத்து அறுப்புக்கு மீட்காத வீடு எத்தனை இருக்கிறது? அவரிடம் அந்த 2,400-ஐக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

அப்புறம் சாமான் முழுக்க ரொக்கத்தில். கார்டுக்குப் போன 12,000-த்தில் 10,000 கடைக்கு, மீதி 2,000-உடன் தங்கத்துக்குப் போன 1,500-ஐயும் சேர்த்து மாதம் 3,500 நகைக் கடனுக்கு. தோராயமாக 15 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். கெடு ஒரு வருடம்தான் தருவார்கள், அப்போது மீதி கொஞ்சம் நின்றால் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

சரி, கடை விஷயம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்கே போங்கள், அதுவும் வண்டியில் வேண்டாம், டவுன் பஸ்ஸில். உங்களுக்கு டிக்கெட் இல்லை, தவிர இரண்டு கட்டைப் பையில் தூக்க முடிந்ததைத்தான் வாங்குவீர்கள். உங்கள் பில்லில் பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம் மட்டும் 430 ரூபாய் வந்திருக்கிறது, எல்லாம் பெரிய தள்ளுவண்டியின் வேலை. 'ஒன்று வாங்கினால் ஒன்று' பார்க்கும்போது கிராமைப் பாருங்கள், எண்ணெய் பாக்கெட்டில்கூட எடை ஒரே மாதிரி இருப்பதில்லை. துவரம்பருப்பு இரண்டு கிலோ கடையில் வாங்கியிருக்கிறீர்களே, ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25-க்கும் தருவதை ஏன் விடுகிறீர்கள்? அரிசியை நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு பாலிதீன் பையில் வாங்காதீர்கள், பக்கத்து ரைஸ் மில்லில் மூட்டையாக எடுங்கள்.

கார்டை அடைக்கும் அன்று ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையை மட்டும் கட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். வங்கிக்குப் போன் செய்து அன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அதன் பிறகும் அடுத்த மாதம் சில நூறு ரூபாய்க்கு வட்டி பில் ஒன்று வரலாம், இடைப்பட்ட நாட்களுக்கானது அது. பதறாமல் அதையும் முழுதாகக் கட்டிவிடுங்கள், விட்டால் தாமதக் கட்டணம் சேரும்.