ஆறு மாதம் தாண்டினால் கை தேறாதா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நடக்கிறார், ஆனால் வலது கை சரியாக வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தேறாது என்கிறார்களே? இதயத் துடிப்பு சீராக இல்லை என்று தந்த அபிக்ஸபான் மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, கரூர்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது, சகோதரி. துடிப்பு தாறுமாறானால் இதயத்தின் இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் மறுபடியும் பக்கவாதம்தான். ரத்தம் உறையாமல் தடுக்க முன்பு வார்ஃபரின் மாத்திரைதான் கொடுப்போம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். 2011இல் 18,000 பேருக்கு மேல் நடந்த ஆய்வில் அபிக்ஸபான் அதைவிட நன்றாகப் பக்கவாதத்தைத் தடுத்தது, ரத்தக்கசிவும் குறைவு.

கை விஷயத்தில் மனம் தளராதீர்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் பலவீனமான கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் நிலைத்தது. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைய வேண்டும், அதை பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். என் அம்மா தினமும் பூண்டு உரித்தே விரல்களைப் பழக்கினார். முதல் பல்லுக்கு அரைமணி நேரம் ஆனது. நாங்கள் யாரும் கை கொடுக்கவில்லை.