பலகை இடுக்கில் தண்ணீரோடு மணல் வருகிறது – பதில்

தோண்டும் குழியின் பக்க மண்ணைத் தாங்கும் பலகைச் சுவரில், 5 மீட்டர் ஆழத்தில் பலகை இடுக்குகளில் தண்ணீரோடு மணல் வழிகிறது, பக்கத்துத் தரையில் விரிசல் என்கிறீர்கள். முதலில் தோண்டுவதை நிறுத்துங்கள். வழியும் இடத்தில் மணல் மூட்டைகளையும், அவற்றின் மேல் சாய்வாக மண்ணையும் போட்டு அணை கட்டுங்கள். விரிசல் பக்கம் லாரியோ மண் குவியலோ நிற்கக் கூடாது.

வெளியேறும் ஒவ்வொரு கூடை மணலுக்கும் சுவருக்குப் பின்னால் அதே அளவு வெற்றிடம் உருவாகிறது. மேலே தெரியும் விரிசல் கடைசியாக வருவதுதான். ஆகவே தரையைக் கம்பியால் குத்திப் பார்த்து வெற்றிடங்களைக் கண்டுபிடியுங்கள்.

சிமென்ட் கிரவுட்டால் (சிமென்ட் கூழால்) எல்லாவற்றையும் அடைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். இந்த வகைச் சுவர் தண்ணீர் வடியும் என்ற கணக்கில் வடிவமைக்கப்படுவது. அடைத்தால் நீரழுத்தம் முழுவதும் பலகை மேலும், சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ஸ்ட்ரட் மேலும் ஏறும். பலகைக்குப் பின்னால், தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி வைத்து, வெற்றிடத்தில் பருமணலை இறுகத் திணியுங்கள். வடியும் நீரை வாளியில் பிடித்து வையுங்கள். அடியில் மணல் படிந்தால் வடிகட்டி வேலை செய்யவில்லை.

நிலத்தடி நீரை தோண்டும் மட்டத்துக்குக் குறைந்தது அரை மீட்டர் கீழே இறக்கிய பிறகே மறுபடி தோண்டுங்கள். குழிக்குள் பம்ப் போட்டு இறைப்பது மணலை இன்னும் இழுக்கும். வெளியே வடிகட்டி உள்ள வெல்பாயின்ட் (நிலத்தில் இறக்கி நீரை உறிஞ்சும் குழாய்) தேவை. ஆனால் அடியில் மென்களிமண் இருந்தால் நீர் இறங்க இறங்கப் பக்கத்துக் கட்டடமும் இறங்கும். அப்படியென்றால் செகன்ட் பைல் சுவர் (ஒன்றையொன்று வெட்டிச் சேரும் கான்கிரீட் தூண்களால் ஆன, தண்ணீரைத் தடுக்கும் சுவர்) பற்றி வடிவமைப்பாளரிடம் பேசியாக வேண்டும்.