குழந்தைகள் நன்றாகப் படிப்பது வீட்டிலா, பள்ளியிலா?

பள்ளியில்தான் என்பேன். கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் எல்லோரும் வீட்டிலிருந்தே படித்துப் பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நானும் தன்னார்வலராக இருந்தேன். மாலை 5 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், எங்கள் தெரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில்.

வந்தவர்களில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தது. அப்பா, அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் போனும் அவர்களோடு போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும், சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்கு உயிரெழுத்தே தடுமாறியது. ஒரே தெரு, ஒரே வயது. வீடுதான் வேறு.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். 32 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு 50 ரூபாய் நீட்டினால் மீதி 18 ரூபாயைச் சட்டென்று எண்ணித் தருவான். அதே கணக்கை நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதச் சொன்னால் விடை 22 என்பான். பூஜ்யத்தில் இரண்டு போகாது, அதனால் இரண்டிலிருந்து பூஜ்யத்தைக் கழித்துவிடுவான். கடன் வாங்கிக் கழிப்பதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த ஐந்தாம் வகுப்புப் பெண், “உங்க கடையில 22 ரூபா மீதி குடுப்பியாடா?” என்று கேட்டாள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, ஒரு கட்டைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். புரிந்துகொண்டான். கணக்கு அவன் வீட்டில் வந்ததுதான், அதில் சந்தேகமே இல்லை. அதை எழுத்தில் கொண்டுவர இன்னொரு பிள்ளை தேவைப்பட்டது. பெற்றவர்கள் திருத்தினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் பிள்ளைகள், கூடப் படிப்பவர் திருத்தினால் கேட்டுக்கொள்கிறார்கள்.

வாசிப்பு மட்டும் வீட்டில் வேகமாக வரும், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் என்பதால். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டே பேர் பார்க்கிறார்கள், அங்கே அது நடக்காது. அந்தக் குறைக்குக் கூடுதல் ஆசிரியர் கேட்டுப் போராட வேண்டும், பிள்ளையை நிறுத்தக் கூடாது. 2022-இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிக்கு வந்தால்தானே கிடைக்கும்?

சரி, வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி இருக்கிறது. ஆனால் அதுவரை தினமும் நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கவும், சண்டை போடவும், ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஓர் இடத்தை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.