எக்லிப்ஸில் (ஜாவா நிரல் எழுதி ஓட்டும் மென்பொருள்) ஓடுகிற ஜாவா நிரல் கமாண்ட் பிராம்ப்டில் ஏன் ஓட மறுக்கிறது? ஜாவா கட்டளையில் எதை எங்கே போடுவது?

கேட்டவர் சொல்வது இதுதான்: ‘கடை’ என்ற பேக்கேஜுக்குள் ‘பில்’ என்று ஒரு கிளாஸ், கூடவே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர் ஜார் (ஜார் என்பது கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய கோப்பு). எக்லிப்ஸில் பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. கமாண்ட் பிராம்ப்டில் தட்டினால் மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்கவோ ஏற்றவோ முடியவில்லை என்கிறது. ஜாராகக் கட்டியதும் ஓடியது, ஆனால் டிரைவர் கிடைக்கவில்லை. மெமரியைக் கூட்டிக் கொடுத்தாலும் கூடிய மாதிரி தெரியவில்லை.

(கட்டளைகளை நாம் வாயால் படிக்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் ஒன்று. நீங்கள் ‘ஜாவா’ என்று தட்டும்போது ஓடுவது ஜேவிஎம் (ஜாவா நிரலை உண்மையில் ஓட்டும் இயந்திரம்) அல்ல. அது சி மொழியில் எழுதிய ஒரு சின்ன லாஞ்சர். உண்மையான ஜேவிஎம் விண்டோஸில் ஜேவிஎம்.டிஎல்எல், லினக்ஸில் லிப்ஜேவிஎம்.எஸ்ஓ என்ற கோப்பில் இருக்கிறது. லாஞ்சர் அதைத் தேடி ஏற்றி, நீங்கள் கொடுத்த ஆப்ஷன்களை அதன் கையில் கொடுத்து எழுப்பிவிட்டு, உங்கள் கிளாஸில் உள்ள மெயினைக் கூப்பிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த லாஞ்சர் வரியை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. கோடு போட்டுத் தொடங்குகிற ஆப்ஷன்களையும் அவற்றின் மதிப்புகளையும் ஜேவிஎம்முக்கு என்று எடுத்துக்கொள்கிறது. கிளாஸ் பெயரோ ஜார் கோப்பின் பெயரோ வந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறது. அதற்கு வலது பக்கம் என்ன இருந்தாலும் தொடாமல் உங்கள் மெயினுக்கு ஆர்க்யுமென்டாக அனுப்பிவிடும். உங்கள் மெமரிச் சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன்:

ஜாவா -ஜார் கடை.ஜார் -எக்ஸ்எம்எக்ஸ்512எம்

இப்படிப் போட்டால் எந்தப் பிழையும் வராது. ஜேவிஎம் அதைப் பார்க்கவே பார்க்காது, உங்கள் ஆர்க்ஸ் வரிசையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்எம்எக்ஸ் என்பது ஹீப்பின், அதாவது நிரல் தன் தரவுகளை வைக்கும் மெமரியின், உச்ச அளவைச் சொல்லும் ஆப்ஷன். அந்த அளவு, ஒன்றும் சொல்லாவிட்டால், பொதுவாக ராமில் கால் பங்கு. 8 ஜிபி மெஷினில் சுமார் 2 ஜிபி. எக்ஸ்எம்எக்ஸை -ஜாருக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஜன்னலில் ஜேபிஎஸ் என்று தட்டி பிராசஸ் எண்ணை எடுங்கள். அப்புறம் ‘ஜேசிஎம்டி’ போட்டு, அந்த எண், அதன் பின்னால் ‘விஎம்.கமாண்ட்_லைன்’. வருகிற பதிலில் ‘ஜேவிஎம்_ஆர்க்ஸ்’ என்று ஒரு வரியும் ‘ஜாவா_கமாண்ட்’ என்று ஒரு வரியும் தனித்தனியாக இருக்கும். எக்ஸ்எம்எக்ஸ் இரண்டாவது வரியில் இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதே பதிலின் கடைசியில் லாஞ்சர் வகை ‘சன்_ஸ்டாண்டர்ட்’ என்று வரும். ஆரக்கிள் 2010-லேயே சன் நிறுவனத்தை வாங்கிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

சரி, மெயின் கிளாஸ் கிடைக்காத கதைக்கு வருவோம். லாஞ்சர் கேட்பது கோப்பின் பெயர் அல்ல, கிளாஸின் முழுப்பெயர். ‘ஜாவா பில்.கிளாஸ்’ என்று தட்டினால், ‘பில்’ என்ற பேக்கேஜுக்குள் ‘கிளாஸ்’ என்ற பெயரில் ஒரு கிளாஸைத் தேடும். அப்படி ஒன்று உலகத்திலேயே இருக்க முடியாது. அடுத்து, கடை ஃபோல்டருக்கு உள்ளே போய் நின்றுகொண்டு ‘ஜாவா பில்’ என்றாலும் ஓடாது. கிளாஸ் கோப்புக்குள் அதன் பெயர் ‘கடை/பில்’ என்று பதிந்திருக்கிறது. நீங்கள் கூப்பிட்ட பெயரும் அதுவும் பொருந்தவில்லை என்பதால் ‘ராங் நேம்’ என்று முறைக்கும். பழைய ஜாவா 8-ல் இந்தக் காரணம் தெரியாது, வெறும் முதல் வரி மட்டும்தான். புதிய பதிப்புகளில் அதற்கு அடுத்த வரியில் காரணமும் வரும், அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

எக்லிப்ஸ் வழக்கமாகக் கிளாஸ் கோப்புகளை ‘பின்’ என்ற ஃபோல்டரில் போடுகிறது. ஆக பிராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு, டிரைவர் ஜார் ‘லிப்’ ஃபோல்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்:

ஜாவா -எக்ஸ்எம்எக்ஸ்512எம் -சிபி "பின்;லிப்\*" கடை.பில்

-சிபி என்பது கிளாஸ்பாத், அதாவது கிளாஸ்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல். இந்த வரி விண்டோஸுக்கு. லினக்ஸ், மேக் என்றால் நடுவில் அரைப்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி, சாய்கோடு மறுபக்கம். நட்சத்திரக் குறி அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஜாரையும் சேர்த்துக்கொள்ளும். ‘*.ஜார்’ என்று எழுதினால் சேர்க்காது. மேற்கோள் குறியை விட்டுவிட வேண்டாம். லினக்ஸில் ‘லிப்/*’ என்று தனியாக, மேற்கோள் இல்லாமல் போட்டால் ஷெல்லே (நீங்கள் தட்டும் கட்டளையை முதலில் படிக்கும் நிரல்) அதைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். முதல் ஜார் மட்டும் கிளாஸ்பாத் ஆகும், இரண்டாவது ஜாரின் பெயரை லாஞ்சர் மெயின் கிளாஸ் என்று நினைத்துக்கொள்ளும்.

-ஜார் போட்டால் டிரைவர் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. -ஜார் வந்துவிட்டால் -சிபியை ஜாவா மதிப்பதே இல்லை, கிளாஸ்பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளையும் மதிப்பதில்லை. ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற குறிப்புக் கோப்பு சொல்வதுதான் சட்டம். அங்கே ‘கிளாஸ்-பாத்’ வரியில் டிரைவரைக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் -ஜாரை விட்டுவிட்டு உங்கள் ஜாரையும் -சிபியிலேயே போட்டு கிளாஸ் பெயரைக் கொடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், என்ன நடக்கிறது என்று வரியைப் பார்த்தாலே தெரியும்.

பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்து அந்த கிளாஸ்பாத் வேரியபிளை சிஸ்டத்தில் நிரந்தரமாக வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அது இருந்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரை ஜாவா தானாகத் தேடுவது நின்றுபோகும்.

ஒருவேளை ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்’ என்று பிழை வந்தால், அதில் இருக்கும் எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17-க்காகக் கம்பைல் ஆனது, 55 என்றால் ஜாவா 11. எக்லிப்ஸ் ஒரு ஜாவாவையும் கமாண்ட் பிராம்ப்ட் வேறொரு பழைய ஜாவாவையும் எடுக்கிறது என்று பொருள். விண்டோஸில் ‘வேர் ஜாவா’ என்று தட்டினால் பாத்தில் முதலில் நிற்பது எது என்று காட்டும்.

ஒரே கோப்புதான், சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் 2018-ல் வந்த ஜாவா 11 முதல் ‘ஜாவா பில்.ஜாவா’ என்றே தட்டலாம், மெமரியிலேயே கம்பைல் செய்து ஓட்டிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடவில்லை என்றால், எக்லிப்ஸில் ரன் கான்ஃபிகரேஷன்ஸ் ஜன்னலைத் திறந்து ‘ஷோ கமாண்ட் லைன்’ பட்டனை அழுத்துங்கள். அது ஓட்டுகிற முழு வரியும் வரும். அதையும் நீங்கள் தட்டிய வரியையும் இங்கே கருத்தில் போடுங்கள், பார்க்கலாம்.