ஸ்லோவில் நிற்காத பழைய ஹொண்டா: காபரேற்றரை மாற்றுவதற்கு முன்

கேள்வி: அப்பா ஓடிய ஹொண்டா சிடி 125 ட்வின் இப்போது என் கையில். பொயின்ட் (பொறி விழுவதற்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பழைய மாதிரி. மாரி முழுக்கக் கொட்டிலில் நின்றது. கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஓடும்போதும் பரவாயில்லை. ஆனால் பட்டிருப்புப் பாலத்தடியில் வேகத்தைக் குறைத்தால் உதறி உதறி நின்றுவிடுகிறது. ரேஸ் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கிற ஸ்லோ ஸ்குரூவைக் கராஜில் கூட்டிவிட்டார்கள். இரண்டு நாளில் பழைய கதைதான். இப்போது காபரேற்றரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: பொறுங்கள் தம்பி. காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு கரண்டி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு இரண்டு சிலின்டர். மொத்தம் 124 சிசி, ஆளுக்கு 62. ஆனால் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் ஒன்றுதான். இரண்டும் அதிலிருந்துதான் குடிக்கின்றன. ஆகவே முதலில் அறிய வேண்டியது, உதறுவது ஒரு சிலின்டரா, இரண்டுமா என்பது. காலையில் ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, நிற்காத அளவுக்கு மட்டும் ரேஸ் பிடித்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு இரண்டு சைலன்சர் குழாய்களிலும், எஞ்சினை ஒட்டிய வளைவில், விரலால் ஒவ்வொரு துளி தண்ணீர் தெளியுங்கள். நன்றாக எரிகிற பக்கம் சுர்ரென்று பொரிந்து காய்ந்துவிடும். எரியாத பக்கத்தில் துளி வழிந்து கீழே இறங்கும்.

ஒரு பக்கம் வழிந்தால் காபரேற்றரை மறந்துவிடுங்கள். அது கெட்டிருந்தால் இரண்டு பிள்ளைகளும் பட்டினி கிடக்க வேண்டும்; ஒன்று மட்டும் கிடக்காது.

அந்தப் பக்கத்துப் பிளக்கைக் கழற்றி மற்றப் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள். குளிர்ந்த பக்கமும் கூடவே மாறினால் பிளக் போய்விட்டது. மாறாவிட்டால் அடுத்ததாகப் பிளக் வயர்களை இடம் வலமாக மாற்றுங்கள். இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஒரே கொயில் இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். அதனால் வயரை மாற்றிப் போட்டாலும் எதுவும் கெடாது. எல்லா வண்டியிலும் இப்படிச் செய்துவிடாதீர்கள்.

நமது பக்கத்தில் நான் அதிகம் கண்ட குற்றவாளி பிளக் தொப்பிதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. தொப்பியைத் திருகிக் கழற்றி வயரின் நுனியைப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு, பளிச்சென்ற செம்பு தெரியும் இடத்தில் தொப்பியை மறுபடி திருகுங்கள். ஒரு மாரியில் என்னுடைய வண்டி இப்படித்தான் உதறியது. மூன்று தரம் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி மினக்கெட்டேன். நாலாம் நாள் இரவு கரண்ட் போய் முற்றம் இருட்டாகக் கிடந்தபோது ஸ்டார்ட் பண்ணினால், தொப்பியின் வெடிப்பிலிருந்து எஞ்சின் தலைக்கு நீல நிறத்தில் மெல்லிய பொறி பாய்ந்துகொண்டிருக்கிறது! நீங்களும் இருட்டில் ஒரு தரம் பாருங்கள். கையை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

பிளக், வயர் எல்லாம் சரி, இன்னும் ஒரு பக்கம்தான் குளிர் என்றால், காபரேற்றரிலிருந்து அந்தச் சிலின்டருக்குப் போகும் குழாயின் பொருத்தில் காற்று இழுக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்தப் பொருத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். சத்தம் மாறினால் கேஸ்கட் போய்விட்டது. பெற்றோல் ஊற்றிச் சோதிக்கும் ஆட்களையும் கண்டிருக்கிறேன். சூட்டு எஞ்சினில் அது தீயோடு விளையாட்டு.

சரி, இரண்டு பக்கமும் ஒரேமாதிரிப் பொரிகிறது, ஆனாலும் உதறுகிறது. இப்போதுதான் காபரேற்றர் மேல் சந்தேகம் வரலாம். அதற்கு முன் பொயின்ட்டை ஒரு பார்வை பாருங்கள்: இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர், முகம் கருகியிருந்தாலோ, எஞ்சின் ஓடும்போது அங்கே பெரிய பொறி பறந்தாலோ கொண்டென்சரோடு (பொயின்ட் கருகாமல் காக்கும் சின்னப் பாகம்) சேர்த்து மாற்றுங்கள்.

காபரேற்றரா என்பதை, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுகிற சோக் சொல்லும். எஞ்சின் சூடான பிறகும் சோக்கைப் பாதி இழுத்தால் ஒழுங்காக நிற்கிறது, விட்டால் சாகிறது என்றால் ஸ்லோவுக்குப் பெற்றோல் விடும் சின்னத் துளையுள்ள ஸ்லோ ஜெற் அடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெற்றோல் ஆவியாகிப் பிசின் மாதிரி படிந்துவிடும். மயிரிழைத் துளை, அடைக்க எவ்வளவு நேரம்? எஞ்சின் ஆறினபின் காபரேற்றரின் அடிக் கிண்ணத்து ஸ்குரூவைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருளுவது தண்ணீர். செம்மண் போலத் தெரிவது தாங்கிக் கறள். அப்படியென்றால் தாங்கியைக் கழுவாமல் ஜெற்றை மட்டும் கழுவுவது வீண் வேலை. ஜெற்றைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை வட்டமாகத் தெரியும்வரை காபரேற்றர் கிளீனர் அடித்து, காற்று பிடியுங்கள். ஊசியோ கம்பியோ விடவேண்டாம். துளை பெருத்தால் பிறகு அந்த ஜெற் உதவாது.

வால்வு இடைவெளியையும் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்துவிடுங்கள். இந்த எஞ்சினுக்கு 0.05 மில்லிமீற்றர், போட்டோக் கொப்பித் தாளின் தடிப்பில் பாதி. கராஜில் கைப்பழக்கத்தில் விடுவார்கள், நீங்கள் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கேளுங்கள். இறுக்கமாக இருந்தால் சூடேறச் சூடேற ஸ்லோ கெடும்.

ஸ்லோ ஸ்குரூவுக்குக் கடைசியில்தான் வேலை. அது காபரேற்றரின் வாயை இன்னும் கொஞ்சம் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கராஜில் கூட்டியது இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. பத்து நிமிடம் ஓடி வந்து, சூட்டோடு, பக்கத்திலிருக்கும் சின்னக் காற்று ஸ்குரூவை மெதுவாக அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறவுங்கள். அங்கிருந்து கால் சுற்று அங்கும் இங்கும் திருப்பி, சத்தம் உயர்ந்து சீராகும் இடத்தில் விடுங்கள். பிறகு ஸ்லோ ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

காபரேற்றரை மாற்றியே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு. உள்ளே ஏறி இறங்கும் சிலைட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது, எவ்வளவு கழுவினாலும் ஸ்லோ நிற்காது. அப்போது புதியதை வாங்குங்கள். ஆனால் பழையதைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். அதன் ஜெற்றுகள் நல்லதாக இருந்தால் அவற்றிலுள்ள இலக்கத்தைக் குறித்து வையுங்கள்; புதியதில் வேறு அளவு வந்தால் திரும்பத் தேவைப்படும்.