அழகான ஸ்கோப் கேட்டால் தப்பா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். மான் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறேன். வால்நட் கட்டையும் பளபளக்கும் கருநீலக் குழலுமாக ஒரு பழைய வின்செஸ்டர் மாடல் 70 துப்பாக்கி கைக்கு வந்திருக்கிறது. அதற்கு லட்சணமாக ஒரு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேண்டும் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். கடைக்காரரோ முன்பக்க லென்ஸ் 56 மி.மீ. அகலம் உள்ளதைக் காட்டுகிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், சான் அன்டோனியோ

பதில்: சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் தம்பி. அந்தத் துப்பாக்கிக்கு அழகு பார்த்துத்தான் வாங்க வேண்டும். 1936-இல் வந்த மாடல், ஒல்லியான உடல்வாகு. அதன்மேல் 56 மி.மீ. ஸ்கோப் பார்க்கவும் நன்றாக இருக்காது, சுடவும் தோதுப்படாது. அவ்வளவு பெரிய லென்ஸ் குழலில் இடிக்காமல் இருக்க ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையங்களை உயரமாகப் போட்டாக வேண்டும். ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். கன்னம் பதியவில்லை என்றால் கண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

56 மி.மீ. ஜெர்மனிக்காரர்கள் நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்க விரும்புவது. 8x56, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும் 56 மி.மீ. லென்ஸ் என்றால், 56-ஐ எட்டால் வகுக்க 7 மி.மீ. ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும். இளவயதுக் கண்ணின் பாவை இருட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். உங்கள் மாநிலத்தில் சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் மான் வேட்டையை முடித்துவிட வேண்டும். அதற்கு 3-9x40, அதாவது மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றக்கூடிய 40 மி.மீ. லென்ஸ் தாராளம். மங்கும் நேரத்தில் ஆறு மடங்குக்குக் குறைத்துக்கொண்டால் ஆறரை மி.மீ.க்கு மேல் கிடைக்கும்.

ஸ்கோப்பின் உடல் ஒரு அங்குலக் குழாயாக உள்ளதையே எடுங்கள். 30 மி.மீ. குழாய் கூடுதல் வெளிச்சம் தரும் என்பார்கள், நம்பாதீர்கள். அதில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்கோப்பில் குறியை மேலே கீழே, பக்கவாட்டில் நகர்த்தும் வீச்சுதான். அப்புறம் நிறம். இப்போது கடைகளில் பெரும்பாலும் மேட் கறுப்பு. பளபளப்பான உங்கள் குழல்மேல் அது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். முன்பக்கம் மெல்லிய தங்க வளையம் ஓடும் பழைய லியூபோல்டு கம்பெனி ஸ்கோப்பில் பளபளப்பு ரகம் உண்டு, செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். என் கண்ணுக்கு அந்தத் துப்பாக்கிக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

வாங்குமுன் லென்ஸைச் சோதியுங்கள். கடைக்குள் டியூப்லைட்டில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். மாலையில் ஸ்கோப்பை மட்டும் வாசலுக்குக் கொண்டுபோய், நிற்கும் காருக்கு அடியில் நிழல் விழும் இடத்தைப் பாருங்கள். அங்கே சக்கரத்தின் நட்டு தனியாகத் தெரிந்தால் சரி.

பொருத்தும்போது வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டோடு போங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக் கன்னத்தைப் பதித்து, பிறகு திறங்கள். ஒன்பது மடங்கில் கறுப்பு விளிம்பு இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இருக்கட்டும். குறைந்தால் பின்னுதைப்பில் புருவம் கிழியும்.