ராக் பிடிக்கும், ஆனால் பாட்டே இல்லாத எலக்ட்ரானிக் ஆல்பம் சலிப்பூட்டுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

ஏதோ 'படிக்கும்போது கேட்க' என்ற பட்டியலில் இந்த இசை உங்களுக்கு அறிமுகமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப் பின்னணியில் ஓடவிட்டால் யாருக்கும் சலிக்கும். டேஞ்சரின் டிரீம் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக்குழுவின் 'ஃபோர்ஸ் மஜூர்' (1979) ஆல்பத்தைக் கேளுங்கள். அதிலும் முதலில் 'க்ளவுட்பர்ஸ்ட் ஃப்ளைட்'. 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே என் அண்ணனை நினைத்துத்தான். கிடார் வாசிப்பவன். நான் சிந்தசைசர் இசை போட்டாலே, "பட்டனைத் தட்டினா மெஷின் வாசிக்குது, இதுல மனுஷன் எங்கடா இருக்கான்?" என்பான். வருஷக்கணக்கில் கேட்டுப் புண்ணான பேச்சு. ஒரு நீண்ட இரவுப் பயணத்தில், யாருடைய ஆல்பம் என்று சொல்லாமல் இந்த டிராக்கைப் போட்டேன். தொடக்கத்தில் 12 தந்தி அகூஸ்டிக் கிடார். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டான். சிந்தசைசர் மெட்டு நுழைந்தது, டிரம்ஸ் ஏறியது, பின்பாதியில் எலக்ட்ரிக் கிடார் வந்ததும் அவனே வால்யூமைக் கூட்டினான். "யாருடா வாசிக்கிறது?" எட்கர் ஃப்ரோஸே, 1967இல் மேற்கு பெர்லினில் இந்தக் குழுவைத் தொடங்கியவர், அவரும் கிடார்காரர்தான் என்றேன். மறுபடி போடச் சொன்னான். மெஷின் பேச்சு அன்றோடு நின்றது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

சீக்வென்சர் ஒரு சுர வரிசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி என்பது உண்மை. ஆனால் அது ஓடும்போதே சுரங்களை மாற்றுவதும், ஃபில்டரைத் திறந்து ஒலியைக் கூர்மையாக்குவதும் மனிதக் கைதான். 1974இல் வந்த இதே குழுவின் 'ஃபேட்ரா' ஆல்பத்தில், 'மூக்' (Moog) என்ற சிந்தசைசர் சூடேறச் சூடேறச் சுருதி விலகியதுகூட அப்படியே பதிவாகியிருக்கிறது. 'ஃபோர்ஸ் மஜூர்' ஆல்பத்திலோ க்ளவுஸ் க்ரூகர் வாசித்த நிஜ டிரம்ஸ் இருக்கிறது, செல்லோகூட உண்டு.

ஃபேட்ராவை முதலில் சொல்லவில்லையே என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம். அது பெரிய ஆல்பம், மறுக்கவில்லை. ராக் கேட்டுப் பழகிய காதுக்கு டிரம்ஸும் கிடாரும் பிடிமானம் தரும் என்கிறேன், அவ்வளவே. பாட்டு இருப்பதால் இவர்களின் முந்தைய ஆல்பமான 'சைக்ளோன்' (1978) எளிது என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் குரல் இசையை நகரவிடாமல் பிடித்து வைப்பதாகவே படுகிறது.

அப்புறம், பழைய எல்பி (வினைல் இசைத்தட்டு) வாங்குவதானால் உள்ளே இருக்கும் தட்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்த உறைக்குள் வேறு யாருடைய தட்டோ இருந்தது. விற்றவர் பணம் கைக்கு வந்ததும் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார். இசையின் மேல் உள்ள காதலைப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள் அவர். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

சரி, அடுத்து டைட்டில் டிராக். எல்பியின் முதல் பக்கம் முழுக்க அதுதான், 18 நிமிடத்துக்கு மேல். நடுவில் போனைப் பார்க்காமல் கேளுங்கள். கடைசியாக 'த்ரூ மெட்டமார்ஃபிக் ராக்ஸ்'. முதல் சில நிமிடம் ராக் மாதிரியே போய், பிறகு சீக்வென்சர் முன்னால் வந்து முடிவுவரை ஓடும். அந்தப் பகுதி உங்களைப் பிடித்து இழுத்தால், தயங்காமல் ஃபேட்ராவுக்குப் போங்கள்.